பின்கண்ணாடியில் கரி

சனிக்கிழமை காலை கெல்சியின் பேட்டரி கார், ரோண்டாவின் கார் கழுவும் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. ரோண்டா முதலில் பார்த்தது அதன் பின்கண்ணாடியைத்தான். கரி. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த ரோண்டா, புருஷன் சட்டையில் இன்னொருத்தியின் உதட்டுச்சாயத்தைப் பார்த்துவிட்டவள் போல அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது யார் விட்ட புகை என்று ஹார்லன் கிரீக் என்ற அந்தச் சின்ன ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரோண்டாவின் புருஷன் டுவெய்ன் தன் டீசல் டிரக்கின் புகை வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கேபினுக்குப் பின்னால் இரண்டு பெரிய குழாய்களை நட்டு வைத்திருந்தான். ஒரு காரை முந்திப் போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான் என்றால் பின்னால் வருகிறவர்களுக்குப் பகலே இருட்டிவிடும். அதிலும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற கார், பேட்டரி கார் என்றால் அவனுக்குத் தனி ருசி.

அவன் ஊரைக் கருக்குகிறான், பெண்டாட்டி கழுவிக் காசு பார்க்கிறாள், நல்ல குடும்பத் தொழில் என்று வருகிறவர்களெல்லாம் ரோண்டாவைக் குத்திவிட்டுத்தான் போவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாள்.

ஆனால் ஒரே பெண்ணுக்கு மூன்று தடவை என்பது வேறு.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், தானியக் கிடங்குப் பக்கத்து சிக்னலில் டுவெய்ன் இப்படித்தான் ரோண்டாவின் காரைக் கருக்கினான். அவள் விரட்டிக்கொண்டு போய் மளிகைக்கடை வாசலில் மடக்கி, வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிடலாமா என்று கேட்டான். அடுத்த கோடையில் கல்யாணம். ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்க்க வைக்க இந்தப் பக்கத்து ஆண்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கெல்சிக்கு இருபத்தாறு வயது. பல் டாக்டரிடம் வேலை. அவளுடைய பல்லும் அழகு.

ரோண்டா கூண்டைவிட்டு இறங்கிப் போனாள்.

"புகையை விட்டுட்டு வண்டிய நிறுத்தினானா?"

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காத. என் வீட்டுக்காரன். உன்கிட்ட ஏதாவது பேசினானா?"

கெல்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்சீட்டுல எங்கப்பா இருந்தாரு, மூக்குல ஆக்ஸிஜன் குழாயோட. வீடு வர்ற வரைக்கும் இருமினாரு. அந்த ஆளு கண்ணாடிய இறக்கிச் சிரிச்சிட்டுப் போறாரு. உங்களுக்கு வேணும்னா அவர நீங்களே பத்திரமா வெச்சுக்குங்க, ரோண்டா. எனக்கு என் கார் கண்ணாடி சுத்தமானாப் போதும்."

ரோண்டா நம்பவில்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அவளும்தான் திட்டினாள். கூண்டுக்குத் திரும்பி, சோப்பு நுரைக்கான பொத்தானை அணைத்துவிட்டுக் காரை உள்ளே விட்டாள். பாதிக் கரியோடு கெல்சி வெளியே போனாள்.

கொஞ்ச நேரத்தில் மார்சி காபியோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ரோண்டாவோடு ஒன்றாகப் படித்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை தவறாமல் வருவாள். தன் வெள்ளை பேட்டரி காரைக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, கழுவாமலே கிளம்பிப் போவாள்.

ரோண்டா எல்லாவற்றையும் கொட்டினாள். இந்தக் கல்யாணம் போய்விட்டால் தனக்கு வேறு எதுவும் இல்லை என்றும் சொன்னாள். மார்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட பைத்தியமே. அவன் கெல்சிய எங்கடி பாக்குறான்? காரைத்தான் பாக்குறான்."

ஈஸ்டர் அன்று பாதிரியாரையே கருக்கினானே, அது என்ன காதலா என்று கேட்டாள். தபால்காரருக்கு இரண்டு தடவை, ஷெரிஃபின் மாமியாருக்கு ஒரு தடவை. கெல்சி வீடு திரும்புகிற நேரமும் அவன் வேலை முடிகிற நேரமும் ஒன்று, அவ்வளவுதான் விஷயம் என்றாள். பேட்டரி காரைப் பார்த்தால் அவன் கால் சும்மா இருக்காதென்று ஊருக்கே தெரியும் என்றாள்.

ரோண்டா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். அத்தனை பேரும் இந்தக் கொட்டகைக்குள் புகுந்து போனவர்கள்தான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல இறங்கியது. நுரையை அணைத்ததை நினைத்தபோது வெட்கமாகக்கூட இருந்தது. அடுத்த தடவை கெல்சியிடம் காசு வாங்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் பேங்க் வாசலில் தனக்கே நடந்ததைச் சொன்னாள். முடிவெட்டும் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கார் கண்ணாடி முழுக்க இறக்கியிருந்தது, டுவெய்ன் அவளென்று தெரிந்தேதான் மிதித்தான். வீட்டுக்குப் போய்த் தலையைக் கசக்கியபோது தண்ணீர் தார் மாதிரி ஓடியது. இரண்டு பேரும் காபி சிந்தச் சிரித்தார்கள்.

"கட்டின பெண்டாட்டியையே விடல அவன்," என்றாள் ரோண்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ தினம் அவன் போற ரோட்டுலதானே போற? உன்ன எத்தன தடவைடி கருக்கியிருப்பான்?"

மார்சிக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"சேச்சே, என் மேல ஒரு நாளும் விட்டதில்ல."