கண்ணாடி விழுந்த பக்கம்

காரின் பின்கண்ணாடி கல் பட்டு உடைந்தது என்றுதான் குணசீலன் இன்சூரன்ஸுக்குச் சொல்லியிருந்தான். சண்டை முற்றி, மனைவி வாசுகியை உச்சி வெயிலில் வாசலில் நின்ற காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதைச் சொல்லவில்லை. சர்வேயர் வரும்வரை எதையும் தொடக் கூடாது என்றார்கள், தொடவில்லை.

சர்வேயர் பின்சீட்டைத் தடவிப் பார்த்தார். ஒரு சில்லுகூட இல்லை. அத்தனையும் வெளியே தரையில் கிடந்தன.

"கல்லு என்ன, உள்ள உக்காந்து வந்துச்சா சார்?"

"உள்ள கெடந்தத இவ பெருக்கிட்டா சார்." குணசீலன் வாசலில் நின்ற வாசுகி பக்கம் திரும்பினான். "சொல்லேன் வாசு."

வாசுகி கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"நான் பெருக்கலீங்க. எழுதிக்குங்க, முதல்லேர்ந்து சொல்றேன்."