அண்ணனின் வாரம்

"ஒரே ஒரு மணி நேரமுங்கண்ணா. மோட்டாரைப் போட்டு நனைச்சுட்டு நிறுத்திக்கறனுங்க" என்று நாச்சிமுத்து மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

அப்புசாமி தன் பேட்டரி காரின் கதவைத் திறந்துபோட்டு, காலை வெளியே நீட்டிச் சாய்ந்திருந்தான். மோட்டார் ரூமிலிருந்து வந்த வயர் காரில் செருகியிருந்தது.

கூட்டுக் கிணறு. ஒரு வாரம் அண்ணனுக்கு, ஒரு வாரம் தம்பிக்கு என்று பாகம் பிரித்த அன்றே பேசி முடித்தது. தம்பியின் வாரத்தில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய் ஏழு நாளும் கரண்ட் இல்லை. அது சரியானபோது அண்ணனின் வாரம் பிறந்துவிட்டது.

அப்புசாமிக்கு விவசாயமே கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனி. அவன் பங்குக் காட்டில் வேலிமுள்தான் விளைந்தது. தண்ணீர் அவனுக்கு வேண்டாம், கரண்ட் வேண்டும். விவசாயிக்கு அரசாங்கம் சும்மா கொடுக்கிற கரண்ட்.

காரின் கணக்கைக் கேட்டவனுக்கும் சொல்லுவான், கேட்காதவனுக்கும் சொல்லுவான். தினம் நாற்பது கிலோமீட்டர், பெட்ரோல் பைசா செலவில்லை, மாருதி வைத்திருக்கிறவனெல்லாம் மடையன் என்பான். பேட்டரி மாற்றுகிற செலவைக் கேட்டால் மட்டும் காது கேட்காது.

"மோட்டாரைப் போட்டா வோல்டேஜ் எறங்கிரும். பேட்டரி கெட்டுதுன்னா உன்ற வெங்காயத்த வித்தா வாங்கித் தருவ? என்ற வாரத்துல நான் வெச்சதுதான் சட்டம். போடா."

எதிரே அரை ஏக்கர் சின்ன வெங்காயம். காய் பெருக்கிற பருவம். தாளெல்லாம் மஞ்சள் பூத்துத் தலை சாய்ந்து கிடந்தது. இன்றைக்கு நனைத்தால் பிழைக்கும். நாளைக்கு நனைத்துப் புண்ணியமில்லை.

நாச்சிமுத்து நகரவில்லை. மண்வெட்டி கையில்தான் இருந்தது. அண்ணனின் நீட்டிய காலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தைப் பல்லடம் ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். காலையிலிருந்து அவன் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீப் வந்தது. மின்வாரிய ஜீப்.

அப்புசாமி அடித்துப் பிடித்து எழுந்தான். போர்மேன் வரப்பில் நடந்து வருவதற்குள் வயரைப் பிடுங்கிச் சுருட்டி மோட்டார் ரூமுக்குப் பின்னால் எறிந்துவிட்டான்.

இலவச கரண்ட்டில் கார் ஓடுவதாக மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது என்றார் போர்மேன். நிழலுக்காக நிறுத்தினேன் என்றான் அப்புசாமி. போர்மேன் காரைச் சுற்றி வந்தார். மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கிணற்றில் பாதிக்குச் சொந்தக்காரன் என்பதால், இங்கே காருக்கு சார்ஜ் போடுகிறாரா என்று நாச்சிமுத்துவைக் கேட்டார்.

அப்புசாமி தம்பியின் தோளில் கைபோட்டு ஒட்டி நின்றான்.

"இல்லைன்னு சொல்லு கண்ணு" என்று காதோடு சொன்னான். "இந்த வாரம் பூராத் தண்ணி நீயே உட்டுக்க."

விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் அவனைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரை மணியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். நாச்சிமுத்து வெங்காயத்தைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"மூணு நாளா இங்கதானுங்க சார்ஜ் போடறாரு. வயரு அந்தப் பொறத்தால கெடக்குது" என்றான்.

அப்புசாமியின் கை அவன் தோளிலிருந்து விழுந்தது.

போர்மேன் நல்ல மனுஷர். நாச்சிமுத்துவைத் தனியாக அழைத்துப் போனார். "யோசிச்சுப் பேசுங்க. ரெண்டு பேருக்கும் கரண்ட் சர்வீஸ் ஒண்ணுதான். வெட்டுனா உங்க பங்குக்கும் சேர்த்துத்தான் போகும். மறுபடி எப்பக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க."

"ரெண்டு பேர்த்துக்கும் சேர்த்தே வெட்டுங்கன்னு அந்தக் கடுதாசில கடைசி வரில எழுதியிருக்குதுங்களே" என்றான் நாச்சிமுத்து. "படிக்கலீங்களா?"