சாட்சி சொல்லுங்கம்மா

“சாட்சி சொல்லுங்கம்மா” என்றார் எங்கள் தலைவர், வாயெல்லாம் பல்லாக.

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கீழே வைத்தார்.

எங்கள் கூட்டத்தில் சாட்சி என்றால் ஒன்றுதான். ஆண்டவர் எனக்கு இன்னின்ன நன்மை செய்தார் என்று நாலு பேர் முன்னால் சொல்வது. மற்ற ஜனங்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை. யோசிப்பது எங்கள் வழக்கமும் இல்லை.

ஊழியப் பயணம் என்று பெயர். பன்னிரண்டு பேர், ஒரே நிற பனியன். மூன்று நாள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சேவை செய்தோம். அதாவது, வகுப்பறைச் சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம், ஜன்னல் கண்ணாடிக்கும் சேர்த்து.

பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்தோம். போன வருடம் வந்த கூட்டமும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறது. இரண்டாவது அடி எங்களுக்கு மறந்துபோனபோது பிள்ளைகள்தான் எடுத்துக்கொடுத்தார்கள்.

எங்களோடு வந்த பல் டாக்டரின் மனைவி கண்ணில் பட்ட பிள்ளையையெல்லாம் இடுப்பில் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். இறக்கிவிட்டதும் மறக்காமல் கைக்கு சானிட்டைசர்.

எனக்கு இவர்கள் ஒருவரையும் பிடிக்காது. நான் வீடியோ எடுக்க வந்தவன். மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டேதான் எடுத்தேன்.

நான்காம் நாள் வீடு சந்திப்பு. பள்ளியை நடத்தும் தாளாளர் தன் ஜீப்பையே கொடுத்திருந்தார். தலைவர் ஓட்ட, ஆறு பேர் கிளம்பினோம். தாளாளர் கொடுத்த பட்டியலில் அந்த அம்மாவின் வீடு கிடையாது. பட்டியலில் இருந்த வீடு பூட்டிக் கிடந்ததால் தலைவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். யார் வீடாக இருந்தால் என்ன, ஏழை வீடாக இருந்தால் போதும்.

“ரெண்டு வருஷமா போலீஸ் ஸ்டேஷன்ல சாட்சி இல்ல, சாட்சி இல்லன்னே திருப்பி அனுப்பினாங்க. நான் பாத்தது செல்லாதாம், பொண்டாட்டியாம். இப்பதான் என்னைக் கேக்கணும்னு தோணிச்சா ஐயா?” என்றார் அந்த அம்மா.

எங்கள் மேதைத் தலைவர் இதை ஆத்ம தாகம் என்று எடுத்துக்கொண்டார். “உங்களத் தேடித்தாம்மா வந்திருக்கோம். தைரியமா சொல்லுங்க. உலகமே கேக்கும்.”

அந்த அம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நாற்காலியைத் தள்ளினோம், உட்காரவில்லை. கேமராவைப் பார்த்து நேராக நின்றார்.

“கடவுளுக்குப் பொதுவா சொல்றேன்” என்று ஆரம்பித்தார்.

எங்கள் ஆட்கள் உரக்க “ஆமென்” என்றார்கள்.

தேதி சொன்னார். சாயங்காலம் நாலு மணி என்றார். அவர் குழாயடியில் குடத்தோடு நின்றிருக்கிறார். புருஷன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த வண்டி இடித்தது, நின்றது. ஓட்டியவர் இறங்கி, கீழே கிடந்தவரைப் பார்த்தார். குழாயடியில் நின்றவரையும் பார்த்தார். பிறகு ஏறிப் போய்விட்டார். புருஷன் பிழைக்கவில்லை. போலீசில் அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதி வழக்கை மூடிவிட்டார்கள்.

“ஓட்டினது பள்ளிக்கூடத்துத் தாளாளர். வண்டி, அதோ, நீங்க வந்ததுதான்.”

இதற்கு ஆமென் சொல்ல ஆளில்லை.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு விரலை எடுத்துக் கத்தரிபோல் ஆட்டி எனக்கு ஜாடை காட்டினார். உடனே கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இறங்கிவிட்டார். இந்தச் சகோதரிக்கு மன்னிக்கும் மனதைத் தரச்சொல்லி ஆண்டவரைக் கேட்டார். கொன்றவனுக்கு என்ன மனது வேண்டும் என்று கேட்கவில்லை. பல் டாக்டரின் மனைவி அழுதார். அந்த அழுகையைப் படம் எடுக்க யாரும் இல்லாதது அவருக்கு நஷ்டம்தான்.

அந்த அம்மா கண்ணை மூடவில்லை. கிளம்பும்போது என் பக்கத்தில் வந்தார்.

“எல்லாம் பதிஞ்சிடுச்சா தம்பி?”

“பதிஞ்சிடுச்சும்மா.”

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “யாராச்சும் ஒருத்தர் பதிஞ்சுக்கிட்டாப் போதும்னுதான் இருந்தேன்” என்றார். இரண்டு வருடமாக இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்ததை இறக்கி வைத்தவரின் முகம் அது.

ஜீப் ஊரைத் தாண்டியதும் தலைவர் திரும்பாமலே சொன்னார். “அத அழிச்சிடுப்பா.”

கோழைப்பயல் என்று மனதுக்குள் திட்டினேன். வெளியே “சரிங்க” என்றேன்.

அழிக்க அதில் ஒன்றும் இல்லை. சைக்கிளை வண்டி இடித்தது என்று அவர் சொன்னதுமே, யார் பெயரும் வருவதற்கு முன்பே, நான் கேமராவை நிறுத்திவிட்டேன். அப்போது என்னை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.