ஜன்னலுக்கு வெளியே கதூரி

"அந்த ஷட்டரை இறக்கு மக்லூஃப்," என்றார் பின்ஹாஸ் செபாக்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? இன்னிக்கும் வந்து நிக்கறான் பாரு."

யூத ஜெபக்கூடத்தின் வடக்குச் சுவரில், தோரா வேதச்சுருள் இருக்கும் பேழைக்குப் பக்கத்து ஜன்னலில், ஒரு கிழமுகம். எஸ்ரா கதூரி. கம்பளிக் குல்லா, மழிக்காத தாடை, இமைக்காத கண். எருசலேம் இருக்கும் திசை பார்த்துத்தான் ஜெபம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் திரும்பினால் அந்த முகத்தில்தான் கண் விழுகிறது.

பின்ஹாஸின் அம்மா இறந்து இரண்டு மாதம். அமைச்சர் பதவி போனது அதற்கும் முன்னால். மூன்று கட்சி மாறி, நான்கு இலாகா பார்த்து, கடைசியில் சொந்தக் கட்சியே கைகழுவிவிட்டது. பாலைவனத்து ஓரம் அம்மா விட்டுப்போன இரண்டு அறை வீட்டில் வந்து ஒதுங்கியிருந்தார். காவலர் இல்லை, கார் இல்லை, தொலைபேசி அடிப்பதும் இல்லை.

மிச்சம் ஒரே ஒரு வேலை. தினமும் காலையில் அம்மாவுக்காகக் கடிஷ் சொல்வது. இறந்தவருக்காகப் பிள்ளை சொல்ல வேண்டிய ஜெபம் அது. பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்லலாம். உயிரோடு இருந்த வரை அம்மாவின் போனை எடுத்துப் பேசியது உதவியாளர்தான். இதையாவது ஒரு நாள் தவறாமல் செய்து முடித்துவிட வேண்டும் என்றிருந்தார்.

கதூரியை அவருக்கு நன்றாகத் தெரியும். போரில் மகனைப் பறிகொடுத்தவர். அவன் எப்படிச் செத்தான் என்று விசாரிக்கக் கமிஷன் கேட்டு, மகன் படத்தை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு, அமைச்சராக இருந்த பின்ஹாஸின் வீட்டு வாசலில் மழையிலும் வெயிலிலும் நின்ற பெற்றோர்களில் ஒருவர்.

அப்போது பின்ஹாஸ் தொலைக்காட்சியில் சொன்ன வாக்கியம் நாடு முழுக்க ஓடியது: "செத்த பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வியாபாரம் பண்றாங்க."

கை தட்டியவர்களும் இருந்தார்கள். அடுத்த தேர்தலில் ஓட்டு கூடித்தான் வந்தது.

"சாபம் விடத்தான் வரான்," என்றார் பின்ஹாஸ். "என் வீட்டு வாசல்ல நின்னான், சரி. அம்மா கடிஷ்லயுமா?"

"அவர் ஒரு வார்த்தை பேசலையே."

"பேசினாத்தான் தேவலாமே. உள்ள வரச் சொல்லு, நேருக்கு நேர் திட்டிட்டுப் போகட்டும்."

"வரமாட்டார். உன்னோட ஒரே கூரைக்குக் கீழ நிக்கறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கார்."

"அப்ப வீட்ல கிடக்க வேண்டியதுதானே? இறக்குடா."

மக்லூஃப் பள்ளிக்கூடத் தோழன். ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். ஜெபம் முடிந்ததும் போய் ஃபலாஃபல் கடை திறக்க வேண்டும். அவன் அசையவில்லை.

"இது வேணாம் பின்ஹாஸ்."

பின்ஹாஸே போய் ஷட்டரின் வாரை இழுத்து விட்டார். தடதடவென்று ஷட்டர் இறங்கியது. குல்லா மறைந்தது, கண் மறைந்தது, தாடை மறைந்தது.

"அமைச்சர் உத்தரவு போட்டாச்சு," என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்கள்.

மக்லூஃப் எண்ண ஆரம்பித்தான். ஆளை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது. பத்துச் சொல் கொண்ட வேத வரி ஒன்று உண்டு; அதை முணுமுணுத்தபடி தலைக்கு ஒரு சொல்லாக விட்டுக்கொண்டு வந்தான். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"இன்னிக்குக் கடிஷ் இல்லை."

"என்னது?"

"ஒன்பது பேர்தான் இருக்கோம்."

"நேத்து பத்து பேர் இருந்தோமே?"

"நேத்தும் உள்ள ஒன்பதுதான். நீ வந்ததுலேர்ந்து பாதிப் பேர் அடுத்த தெரு ஜெபக்கூடத்துக்குப் போயிட்டாங்க. நீ கவனிக்கலை."

முப்பது வருடம் நாடாளுமன்றத்தில் கை எண்ணியே பிழைத்தவர் பின்ஹாஸ். இங்கே எண்ணும் வேலையை மக்லூஃபிடம் விட்டிருந்தார்.

"அப்ப பத்தாவது யாரு?"

மக்லூஃப் ஷட்டரைப் பார்த்தான்.

"வெளியில நின்னாலும், ஜன்னல் வழியா முகம் தெரிஞ்சா அந்த ஆளையும் கணக்குல சேர்த்துக்கலாம்னு சட்டம் இருக்கு. அவருக்கு அது தெரியும். அதான் முகத்தைத் திருப்பாம நின்னார், தினமும்."



"எனக்காகவா?"

"உனக்காக ஏன் நிக்கணும்? அவர் மகனுக்குத் துக்கம் காத்த ஏழு நாளும் உங்கம்மா போய்ப் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்களாம். 'பிள்ளை பேசினதுக்கு அந்தம்மா என்ன பண்ணுவாங்க'ன்னார். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னார்."

பின்ஹாஸ் ஓடிப்போய் வாரைப் பிடித்து இழுத்தார். இரண்டு தடவை நழுவியது. ஷட்டர் ஏறியது. வெளியே யூகலிப்டஸ் மரமும் குளிரும்தான். ஆள் இல்லை.

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்போது பக்கச் சுவருக்கு வெளியே ஏதோ தரையில் இழுபடும் சத்தம். கை கழுவும் தொட்டிக்கு மேலே, உயரத்தில், காற்றுக்காக விட்ட சின்ன ஜன்னல். முதலில் ஒரு கம்பளிக் குல்லா ஏறியது. ஆடியது. பிறகு மெல்ல, இமைக்காத இரண்டு கண்கள்.

மக்லூஃப் அந்த வரியை முதலிலிருந்து ஆரம்பித்தான். தலைக்கு ஒரு சொல். பத்தாவது சொல்லை அந்தச் சின்ன ஜன்னலுக்குக் கொடுத்தான்.

பின்ஹாஸ் எழுந்து நின்றார். அந்தச் சின்ன ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் சொல்லுடா," என்றான் மக்லூஃப். "பால் கூடை மேல ஏறி ரொம்ப நேரம் நிக்கற வயசில்லை அவருக்கு."