முன்னூறாவது கோல்

"ஒரே ஒரு பந்துதானேடா கேக்கறேன். கையை ஒரு சாண் தள்ளி நீட்டினா குடியா முழுகிடும்?" கையுறையில் பிய்ந்திருந்த பட்டையைத் தைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

அவன் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து ஷூவில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "நான் கோல் கீப்பர்ம்மா. பந்தை விடறதுக்கா எனக்குக் கையுறை தைச்சுத் தர்றே?"

"இன்னைக்கு ஒரு நாள்."

இன்றைக்கு ஒரு நாள்தான். ஊசியின் கடைசி ஆட்டம். இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நூல் நுழைகிற இடைவெளி இருந்தால் போதும், பந்தோடு புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடுவார் என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர் அது. இருபத்தோரு வருடம் ஒரே அணி. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோல். இந்த லீக்கில் முன்னூறைத் தொட்டவர் யாரும் கிடையாது. அந்த ஒன்றுக்காக ஊரே காத்திருக்க, எதிரணியின் கோலுக்கு முன்னால் நிற்கப்போவது அம்மாவின் இந்த இருபது வயதுப் பிள்ளை.

"முழங்கால்ல ரெண்டு தடவை கத்தி வச்சாங்க. இனிமே ஓட முடியாதுன்னு டாக்டரே கையை விரிச்சுட்டார். எட்டாவது மாசம் வந்து ஒரே ஆட்டத்துல மூணு கோல் போட்டார்." அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "காலை வாரிவிட்டவனைக்கூடக் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஒத்தைக் கோல் குறையோட போகணுமா?"

"நான் விட்டுக்கொடுத்தா அவருக்குத் தெரியாதா? அந்த முன்னூறு அவருக்கு ஒட்டுமா?"

அம்மா கையுறையை நீட்டினாள். "நீ பிடிச்சாலும் திட்டுவேன், விட்டாலும் திட்டுவேன். நான் டிவி பக்கமே போகப்போறதில்லை. போயிட்டு வா."

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் அவனை ஓரமாக அழைத்துப் போனார். வழக்கமான கீப்பருக்கு விரல் முறிந்து, இது அவனுக்கு மூன்றாவது ஆட்டம்.

"வேற ஆள் இருந்தா இன்னைக்கு உன்னை இறக்கியிருக்கவே மாட்டேன். அவர் மேல நீ வச்சிருக்கிற மரியாதை ஊருக்கே தெரியும். ஒரு பந்து உள்ள போனாலும் நீயா விட்டேன்னுதான் பேசுவாங்க. இன்னைக்குத் தோத்தா நாம கீழ்ப் பிரிவுக்கு இறங்கறோம். டிரா ஆனாப் போதும்."

"விட மாட்டேன் சார்."

"பார்ப்போம்" என்றார் பயிற்சியாளர். நம்பியவர் மாதிரி தெரியவில்லை.

நாற்பது வயதுக் கால்கள் என்று சத்தியம் செய்தாலும் அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முதல் பாதியிலேயே ஊசி மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு கோலுக்கு முன்னால் வந்து நின்றார். தானே அடித்திருக்கலாம். பக்கத்தில் இன்னும் நல்ல இடத்தில் நின்ற சக ஆட்டக்காரனுக்குப் பந்தைத் தள்ளிவிட்டார், அவன் அடித்தான். ஒரே ஒரு கோலுக்கு ஏங்குகிற நாளில்கூட அந்தப் புத்தி அவரை விட்டுப் போகவில்லை. இரண்டாம் பாதியில் அவன் அணி ஒன்று திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று.

எண்பத்தொன்பதாவது நிமிடம் ஊசிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது.

இரண்டு அணி ரசிகர்களும் எழுந்து நின்று அவர் பெயரைக் கத்தினார்கள். ஊசியின் பெனால்டிகளை வீடியோவில் போட்டுப் போட்டுப் பார்த்துப் படித்துவிட்டு வந்த கீப்பர்கள் எத்தனையோ பேர். இதுவரை நாற்பத்தாறு பெனால்டி. ஒன்றைக்கூட எவரும் பிடித்ததில்லை.

விட்டுவிடலாமா என்று ஒரு கணம் அவனுக்கே சபலம் தட்டியது. ஆசை இல்லாமலா? அவனுக்குத் தெரிந்த உலகத்தில் ஊசியைவிடப் பெரிய ஆட்டக்காரர் கிடையாது. அப்படிப்பட்டவருக்குப் போய்ப் பிச்சை போடுவதா என்று நினைத்ததும் உடம்பு கூசியது. கால்களை அகட்டி நின்றான்.

ஊசி பந்தை வைத்துவிட்டு நாலடி பின்னால் போனார். அவனைப் பார்த்தார். பிறகு கோலின் இடது மூலையைப் பார்த்தார். பார்க்கும்போது கீழுதட்டை லேசாகக் கடித்துக்கொண்டார்.

அவன் அதற்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தான்.

பந்து உள்ளங்கையில் அறைந்து கம்பத்துக்கு வெளியே தெறித்தது. மணிக்கட்டு வரை விண்ணென்று வலித்தது. ஊசி முழு பலத்தோடு அடித்த பந்துதான், அதில் அவனுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்து விசில் ஊதினார்கள். பயிற்சியாளர் ஓடிவந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்றார். அவன் பிடியை விலக்கிக்கொண்டு ஊசியைத் தேடினான். அவரே எதிரில் வந்துகொண்டிருந்தார். முகத்தில் ஏமாற்றம் இருந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் அவனைப் பார்த்ததும் சிரித்தார்.

"முன்னூறு போச்சு." என்றான் அவன்.

"போனாப் போகுது. நீ வேணும்னு விட்டிருந்தா உன் முகத்திலயே முழிச்சிருக்க மாட்டேன்." கையுறையோடு அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அது கிடக்கட்டும். இத்தனை வருஷமா ஒரு கீப்பருக்கும் பிடிபடலை. நான் இடது பக்கம் அடிக்க மாட்டேன்னு உனக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட பொய் சொல்றப்பவும் நீங்க இப்படித்தான் உதட்டைக் கடிப்பீங்க, அப்பா."