எந்தத் தெரு?

“நீங்க எந்த ஊருங்க?”

ரத்தம் கொடுக்க வந்து நின்றவரிடம் அன்புமணி கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

நெய்வேலியில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் ரத்த வங்கி வாசலில் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தான் அவன். மனைவி சத்யா மாடியில் படுத்திருந்தாள். நிறைமாசம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்திருந்ததால் மறுநாள் காலை ஆபரேஷன்.

“ரத்தம் நிறையப் போகும். மூணு யூனிட் கையில இல்லாம நான் கத்தியைத் தொட மாட்டேன்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சத்யாவுக்கு ஓ நெகட்டிவ். நூறு பேரைத் தேடினால் ஒருத்தர், ரெண்டு பேரிடம் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் வாட்ஸ்அப்பில் செய்தி போன ரெண்டு மணி நேரத்தில் மூணு பேர் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவர் குமரவேல். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. வார லீவில் வீட்டில் இருந்தவர் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே வந்திருந்தார்.

“திருவதிகைங்க” என்றார்.

“திருவதிகையில எந்தத் தெரு?”

குமரவேலின் முகம் மாறியது.

“காலனிங்க.”

“அப்பா பேரு?”

“அய்யாசாமி.”

“உங்க வயசு?”

“முப்பத்தெட்டு.”

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான் அன்புமணி.

உள்ளேயிருந்து நர்ஸ் உமாராணி பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷ சர்வீஸ். உயிர் போகிற நேரத்திலும் ரத்தத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

அடுத்து பாலகுமார். அதே மைன்ஸில் பர்மனென்ட் வேலை, பதினொண்ணாவது பிளாக்கில் குவார்ட்டர்ஸ். அவரையும் அன்புமணி விடவில்லை.

“சொந்த ஊரு?”

“தேனிப் பக்கம்.”

“தெரு?”

பாலகுமார் சிரித்தார். “எங்க பக்கம் ஊரைக் கேட்டு, தெருவையும் கேட்டா அதுக்கு அர்த்தமே வேறங்க.”

ஆனாலும் சொன்னார். வயசு முப்பத்தாறு என்பதையும் சொன்னார்.

மூன்றாவதாக வந்த புவனா ஸ்கூல் டீச்சர். ரத்தம் கொடுத்து முடித்து ஊசியை எடுக்கும்போது உமாராணியிடம் மெதுவாகச் சொன்னாள்.

“உங்க ஃபார்ம்ல இல்லாததையெல்லாம் அந்தாளு வெளியில கேக்குறாரு சிஸ்டர்.”

அதற்குமேல் உமாராணியால் பொறுக்க முடியவில்லை. புவனாவின் கையில் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

“என்னங்க எழுதுறீங்க?”

“ஒண்ணுமில்ல சிஸ்டர்.” சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“ரத்தத்துல குரூப்தான் இருக்கு. தெரு கிடையாது. குமரவேல் கொடுத்தது உங்க சம்சாரத்துக்கு வேண்டாம்னா இப்பவே எழுதிக் கொடுங்க. அது வேற யாரையாவது காப்பாத்தும்.”

“அய்யோ, அப்படியெல்லாம் இல்லிங்க.”

“பின்ன எதுக்கு இந்த விசாரணை?”

“இப்ப சொல்லக் கூடாதுங்க. நாளைக்குச் சொல்றேன்.”

பக்கத்து பெஞ்சில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த குமரவேல் எல்லாவற்றையும் கேட்டார். மீதி ஜூஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

“நல்லபடியா பொறக்கட்டும்ங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தியேட்டருக்கு ரத்தப் பைகளை உமாராணியே கொண்டுபோனாள்.

டாக்டர் பயந்தது சரிதான். குழந்தையை வெளியே எடுத்ததும் ரத்தம் மடை திறந்த மாதிரி போனது. ரெண்டு கையிலும் சலைன் ஓடியது. அதுவும் போதாமல் ரத்தம் ஏற்றினார்கள். முதல் பை முடிந்தது. ரெண்டாவதும் முடிந்தது. மூன்றாவது பாதி இறங்கியபோதுதான் நாடி நிதானத்துக்கு வந்தது. மயக்க மருந்து டாக்டர் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெண் குழந்தை. மூணே கால் கிலோ. அது அழுத அழுகை வராந்தா முழுக்கக் கேட்டது. அன்புமணி யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்ற செக்யூரிட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவரும் என்ன ஏதென்று கேட்காமல் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

உமாராணி வெளியே வந்தாள். சந்தோஷம்தான். ஆனால் நேற்றைய கோபம் போகவில்லை.

“அம்மாவும் பொண்ணும் நல்லா இருக்காங்க. மூணு யூனிட்டும் ஏத்தியாச்சு. எந்தத் தெரு ரத்தம்னு உள்ள யாரும் கேக்கல.”

அன்புமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

“நேத்து உங்கள ரொம்பக் கோவப்படுத்திட்டேன் சிஸ்டர். புள்ள பொறக்குறதுக்கு முன்னால காதுகுத்துப் பேச்சு எடுக்கக் கூடாதும்பாங்க எங்க வூட்ல. அதான் வாயத் தொறக்கல.”

“காதுகுத்தா?”

“சத்யாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லிங்க. ‘எம்புள்ளைய மடியில வச்சிக்க ஒரு தாய்மாமன் இல்லியே’ன்னு ஏழு மாசமா அழுதுகினு இருந்தா. இப்ப அவ ஒடம்புல மூணு பேரு ரத்தம் ஓடுது. அப்ப அவங்கதான கூடப் பொறந்தவங்க? டீச்சரம்மா இனிமே பெரியம்மா. வூட்டுக்கே போயி, தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சி அழைக்கணும்னா ஊரு, தெரு, அப்பா பேரு எல்லாம் தெரியணுமில்லிங்க?”

உமாராணி சிரித்துவிட்டாள்.

“சரி, வயசு எதுக்குக் கேட்டீங்க?”

“யாரு மூத்தவருன்னு பாக்க வேணாமா? பாலகுமார் சாருக்கு முப்பத்தாறுதான். கொழந்தைய மொதல்ல மடியில வாங்குறது பெரிய மச்சான், எங்க குமரவேல் மச்சான்தான்.”