பொதுவான முகம்

“தம்பி, மூக்கு இம்புட்டு எடுப்பா வேணாம். நுனியக் கொஞ்சம் அமுக்கி விடு.”

அய்யனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுதான் காது. அதற்கு முன்னால் தாடை. இன்றைக்கு மூக்கா?

திண்டுக்கல்லில் வேடசந்தூர் ரோட்டோரம் சிலைப் பட்டறை வைத்திருப்பவன் அவன். சாமி சிலை, தலைவர் சிலை என்று எத்தனையோ செய்து அனுப்பியிருக்கிறான். எந்தச் சாமியும் டவுன் பஸ் ஏறி வந்து மூக்கைத் திருத்தச் சொன்னதில்லை. செபஸ்தியம்மாள்தான் இப்படி வந்து உயிரை எடுக்கிறாள்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். அங்கிருந்து பட்டாளத்துக்குப் போன இரண்டு பேர் எல்லையில் இறந்துபோனார்கள். ஒருவன் செபஸ்தியம்மாளின் மகன் பிராங்கிளின். இன்னொருவன் அதே தெருப் பெருமாயியின் மகன் ஆனந்த்ராஜ். இரண்டு பேருக்கும் சேர்த்து ஊர் முகப்பில் ஒரே சிப்பாய் சிலை.

சிலைக் கமிட்டித் தலைவர் ராயப்பராஜ், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர்டானவர். ஆர்டர் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

“மொகம் பொதுவா இருக்கணும். ஒருத்தன் சாடை வந்தாலும் இன்னொரு வீட்டுல சண்டைக்கு வருவாக. அப்புறம் சிலைய ஊருக்குள்ள எறக்க விடமாட்டேன்.”

அதற்காகவே போட்டோ ஒன்றுகூடத் தரவில்லை.

“யக்கா, களிமண்ணா இருக்குறவரைக்கும் நீங்க சொல்றதுக்கெல்லாம் ஆடலாம். நாளைக்கு அச்சு எடுத்துட்டா அம்புட்டுத்தேன்” என்றான் அய்யனார்.

“அதுக்குத்தேன் இன்னைக்கே வந்தேன். எடது புருவத்துல சின்னதா ஒரு வெட்டு வையிப்பா.”

“பொதுவான மொகத்துக்கு வெட்டு எதுக்குக்கா?”

“பட்டாளத்தான் மொகத்துல ஒரு தழும்பு இருக்கக் கூடாதா?”

பிள்ளையைப் பறிகொடுத்தவள். என்ன சொல்லி விரட்டுவது? முனகிக்கொண்டே மூக்கை அமுக்கினான். புருவத்தைக் கீறினான்.

செபஸ்தியம்மாள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். “இப்பச் சரி” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அய்யனாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஒங்க மகன் மொகத்த முழுசாக் கொண்டாந்துட்டீக. அந்த இன்னொரு தாய நெனச்சுப் பாத்தீகளா? அவுகளும் பெத்தவுகதான?”

“நெனச்சேன்ப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

என்ன நெஞ்சழுத்தம் என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. அழித்துவிடத்தான் கை போனது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற கோலம் தடுத்தது. தலையில் அடித்துக்கொண்டு அப்படியே அச்சு எடுத்தான்.

திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் கூட்டம் தங்களுக்குள் குசுகுசுக்க ஆரம்பித்தது. முடிந்தது கதை, சிலையோடு சேர்த்து நம்மையும் விரட்டப் போகிறார்கள் என்று அய்யனார் ஓரமாக ஒதுங்கினான்.

பக்கத்தில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர். இரண்டு பேரின் படத்தையும் பெயரோடு அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தான்.

பிராங்கிளினுக்கு நீள முகம், கூரான மூக்கு. சிலை அவனில்லை. அமுங்கிய மூக்கும் வெட்டு விழுந்த புருவமுமாக இருந்தவன் ஆனந்த்ராஜ்.

பெருமாயி பீடத்தின் படியேறிப் போய்ச் சிலையின் கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவே இல்லை.

ராயப்பராஜ் அய்யனாரை முறைத்துவிட்டு, சங்கடத்தோடு செபஸ்தியம்மாளிடம் வந்தார்.

“ஒனக்குத்தாம்மா மனசு வலிக்கும். ஒரு வார்த்தை சொல்லு, மொகத்த மாத்தச் சொல்லிருவோம்.”

“வேணாங்கய்யா, நாந்தேன் வைக்கச் சொன்னேன். எம்மகனக் கொண்டாந்தப்ப பெட்டியத் தொறந்து காட்டுனாக, ஆச தீர மொகத்தப் பாத்துப்புட்டேன். அவளுக்குப் பெட்டியத் தொறக்கவே இல்லையே.”